என் பெயரில் ஓர் ஓரிக்ஸ்

ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. கனடாவின் அஜக்ஸ் நகரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பியர்சன் விமான நிலையம் அறுபது கிலோமீற்றர் அளவில் இருக்கும். வெள்ளி பின்னேரம் நானூற்றொன்று நெடுஞ்சாலையில் அந்தத் தூரத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்தது. காரை ஓட்டியவர் என் கணவரின் தமக்கை மேரி. வழி நெடுக எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

“துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீங்கள் என்னெண்டால் காசு குடுத்துத் துவக்குப் பிடிக்கப் போறியள்.”

“அது ஆக்களைச் சுட்ட துவக்கு அக்கா. இது சாப்பிடுற மிருகத்துக்கு,” என்றார் என் கணவர் அன்ரன்.

“இறைச்சி ஸ்காபரோவில விக்கேல்லையோ?”

அன்ரன் யன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் பின் இருக்கையில் இருந்தேன். என் மடியில் இருந்த கைப்பையில், கைப்பேசிக்குள், ஒரு இரகசியம் இருந்தது. மேரி மச்சாளோடு வாக்குவாதப்பட்டால் அது வாய் தவறி வந்துவிடும் என்று பயந்தேன்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜெசிந்தா. சொந்த இடம் மன்னார். மல்வேர்ன் பகுதியில் பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். வயது ஐம்பத்து மூன்று. அன்ரன் மில்லிக்கனில் ஒரு கார் திருத்தும் கடையில் வேலை செய்கிறார். மூன்று வருடத்துக்கு முன்பு கூட வேலை செய்பவர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிட, துவக்கு அனுமதிப்பத்திர வகுப்புக்குத் தனியே போகப் பஞ்சிப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இருவரும் சோதனையில் தேறினோம். ஸ்ரவ்வில் பக்கம் இருந்த பயிற்சித் திடலில் நூறு மீற்றரில் ஐந்து வெடி வைத்தோம். அன்ரனின் துளைகள் காகிதம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. என்னுடைய ஐந்தையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாயால் மூடலாம். பயிற்சியாளர் என் காகிதத்தைக் கழற்றி மற்றவர்களுக்குக் காட்டினார். “பஸ் ஓட்டுற கையெல்லோ,” என்று அன்ரன் பெருமையாகச் சொன்னார்.

ஆனால் வேட்டைக்கு அவர்தான் போனார். நான் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

நமீபியாவுக்குப் போய், வழிகாட்டியோடு ஐந்து நாள் வேட்டையாட வேண்டும் என்பது அன்ரனின் ஆசை. திருகுக் கொம்புள்ள கூடு என்ற மிருகத்தின் படத்தைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். பண்ணைக்காரர் அனுப்பிய பட்டியலில் வேட்டைக்காரருக்கு நாளொன்றுக்கு 320 யூரோ, கூட வருபவருக்கு 140 யூரோ, சாப்பாடும் படுக்கையும் அடக்கம். மிருகத்துக்குத் தனி விலை. அன்ரன் தன்னை முதல் வரியிலும் என்னை இரண்டாம் வரியிலும் போட்டு அனுப்பினார்.

மார்ச் மாதம் ஒரு நாள், காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் இடையில், வெறும் பஸ்ஸில் இருந்துகொண்டு நான் அந்தப் பண்ணைக்காரருக்குக் கைப்பேசியில் எழுதினேன். ‘வேட்டை அனுமதிப்பத்திரத்தில் என் பெயரிலும் ஓர் ஓரிக்ஸ் போடுங்கள். என் கணவருக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.’ ஓரிக்ஸ் என்பது நீண்ட, நேரான கொம்புள்ள ஒரு பெரிய மான். அரை மணி நேரத்தில் சரி என்று பதில் வந்தது. என் சேமிப்பிலிருந்து முற்பணமும் அனுப்பினேன். அதற்குப் பிறகு நான்கு மாதம், அன்ரனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் மறுக்கிற ஆள் இல்லை. சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை காலை பிராங்பேர்ட். பகல் முழுவதும் விமான நிலையத்து நாற்காலிகளில் கழிந்தது. அங்கிருந்து நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக் பத்து மணி நேரம், நேரே தெற்கு நோக்கி. கோடையில் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தைத் தொடவே தேவைப்படவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணி. விண்ட்ஹுக் விமான நிலையத்தில் தரை வழியாக நடந்துதான் கட்டடத்துக்குள் போக வேண்டும். அங்கே அது குளிர்காலம். வானத்தில் மேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வருகை விசா ஆளுக்கு 1,600 நமீபிய டொலர். எங்கள் காசில் நூற்றிருபத்தைந்து அளவில் வரும். நாங்கள் துவக்குக் கொண்டுபோகாமல் பண்ணைத் துவக்கையே வாடகைக்கு எடுப்பதாக இருந்ததால் பொலிஸ் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம்.

பண்ணைக்காரர் யொஹான் வெளியே காத்து நின்றார். அறுபது வயதிருக்கும். நாலாம் தலைமுறையாக அந்த நாட்டில் இருக்கும் ஜேர்மன் வம்சாவளி. வேட்டை வழிகாட்டும் அரச உரிமம் உள்ளவர். கைகுலுக்கும்போது என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தினேன்.

பண்ணை இருநூற்றுப் பத்துக் கிலோமீற்றர் தள்ளி. ஒக்கஹான்யா என்ற சிறு நகரம் வரையும் அதற்கு அப்பாலும் நல்ல தார் வீதி. கடைசி நாற்பது கிலோமீற்றர் கிரவல் மண் வீதி. அந்த நாற்பதில் எதிரே வந்தது ஒரேயொரு வாகனம். அதன் சாரதியும் யொஹானும் நிறுத்தி நலம் விசாரித்துக்கொண்டார்கள். செம்மண், முள்மரம், ஆள் உயரக் கறையான் புற்று, திரும்பவும் முள்மரம். பண்ணையின் பரப்பு எட்டாயிரத்து ஐந்நூறு ஹெக்ரர். ஸ்காபரோவில் பாதி அளவு இருக்கும் என்று அன்ரன் கைப்பேசியில் கணக்குப் போட்டுச் சொன்னார். அதில் வாழ்பவர்கள் பதினான்கு பேர்.

பின்னேரம் துவக்குச் சோதனை. அன்ரன் இரண்டு வெடி வைத்தார். இரண்டும் காகிதத்தில் பட்டன. “கூட வருபவர்களும் இரண்டு சுட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம்,” என்று யொஹான் முகத்தை மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னார். அது பொய் என்று எனக்குத் தெரியும். சுட்டேன். என் இரண்டு துளைகளும் ஒட்டிக்கொண்டு இருந்தன. பக்கத்தில் நின்ற தடம் பார்ப்பவர் பெற்றஸ் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க, அளந்து பேசும் மனிதர். அந்தப் பண்ணையிலேயே பிறந்தவர்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு வெளிக்கிட்டோம். குளிர் நான்கு பாகை. எட்டே முக்காலுக்கு, பின்தட்டில் நின்ற பெற்றஸ் கூரையைத் தட்டி வண்டியை நிறுத்தினார். நூற்றெண்பது மீற்றரில், முள்மரத்துக்குப் பின்னால் ஒரு கூடு. கடைச் சுவரில் இருந்த அதே மிருகம். கொம்பு இரண்டரைச் சுற்று. யொஹான் மூன்று கால் தடியை நட்டார். அன்ரன் துவக்கை அதன் மேல் வைத்தார். வெடித்தது. மிருகத்துக்கு அப்பால் மண் கிளம்பியது. கூடு ஒரே பாய்ச்சலில் காணாமல் போனது.

பெற்றஸ் அந்த இடத்துக்குப் போய்க் குனிந்து இரத்தம், மயிர் ஏதும் இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் தேடினார். ஒன்றுமில்லை. படவேயில்லை என்று உறுதியானதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. காயப்பட்ட மிருகத்தை விட்டுவிட்டுப் போவதைப் போல அவமானம் அவர்களுக்கு வேறு இல்லை.

செவ்வாய்க்கிழமை நூற்றிருபது மீற்றரில் இன்னொரு கூடு. அதுவும் முதுகுக்கு மேலால் போனது. இந்த முறை நான் அன்ரனுக்குப் பின்னால் சற்றுச் சரிவாக நின்றதால் கண்டுகொண்டேன். விசையை இழுக்க முன்னமே இரண்டு கண்ணையும் இறுக்கி மூடுகிறார். தோள் தூக்கிப்போடுகிறது.

மத்தியானம் மரநிழலில் பாண் தின்னும்போது மெல்லச் சொன்னேன். “இஞ்சேருங்கோ, சுடேக்குள்ள கண்ணை மூடுறியள்.”

“பின்னுக்கு நிண்டு ஆரும் சொல்லலாம். அந்த இடத்தில நிண்டு பார்த்தால்தான் தெரியும்.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தோற்றுப்போன குரலில் சொன்னார். அதனால்தான் என் மனதைக் கூடுதலாகச் சுட்டது. ‘அந்த இடத்தில் நிற்கத்தான் நானும் வந்திருக்கிறேன்’ என்ற வசனம் தொண்டை வரை வந்தது. பாணோடு விழுங்கிவிட்டேன்.

புதன்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் அது தானாக வெளியே வந்தது. யொஹான் கோப்பியை வைத்துவிட்டு அனுமதிப்பத்திரங்களை விரித்தார். நான் இதற்குள் சொல்லியிருப்பேன் என்று நினைத்துவிட்டார் போலும்.

“அன்ரன், உங்கள் தோளுக்கு இன்று ஓய்வு கொடுப்போம். இன்று உங்கள் மனைவியின் ஓரிக்ஸைத் தேடலாமா?”

அன்ரன் என்னைப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை இழுத்து வாசித்தார். என் முழுப் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் அதில் இருந்தன. யொஹான் விளங்கிக்கொண்டு கோப்பிக் கோப்பையோடு குசினிப் பக்கம் போய்விட்டார்.

“எப்ப எழுதினனீர்?”

“மார்ச்சில. பஸ்ஸுக்குள்ள இருந்து.”

“நாலு மாசம். எனக்கேன் சொல்லேல்லை?”

“சொன்னால் சிரிப்பியள்.”

அவர் யோசித்தார். “சிரிச்சிருப்பன்தான்,” என்றார்.

எழுந்து வெளியே போனார். கதவு தன்பாட்டில் சாத்திக்கொண்டது. முப்பது வருடத்தில் நான் அவரிடம் மறைத்த காரியங்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். பிள்ளைகளுக்காக மறைத்தவை, ஊருக்குக் காசு அனுப்ப மறைத்தவை. எனக்காக மறைத்தது இது ஒன்றுதான். யொஹானைக் கூப்பிட்டு ‘வேண்டாம், அழித்துவிடுங்கள்’ என்று சொல்லத்தான் எழும்பினேன். அதற்குள் கதவு திறந்தது. அன்ரன் தன் தூரக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என் தொப்பியையும் தண்ணீர்ப் போத்தலையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வெளிக்கிடும். வெயில் ஏறினால் காத்து மாறிப்போகும் எண்டு பெற்றஸ் சொல்லுறார்.”

ஏழு நாற்பதுக்குப் பெற்றஸ் தடத்தைக் கண்டார். மூன்று ஓரிக்ஸ், விடிய முன்னர் இதால் போயிருக்கின்றன என்றார். எனக்கு அது மாடு மிதித்த மண்ணாகத்தான் தெரிந்தது. வண்டியை விட்டு நடந்தோம். முன்னால் பெற்றஸ், அடுத்தது யொஹான், பிறகு நான், கடைசியில் அன்ரன். யொஹான் ஒரு சிறு போத்தலில் சாம்பல் வைத்திருந்தார். அடிக்கடி அதை அமத்திச் சாம்பல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். காற்று எங்கள் முகத்தில் பட்டுக்கொண்டிருக்கும் வரை நாங்கள் இருப்பது அவற்றுக்குத் தெரியாது. ஐந்து கிலோமீற்றர், இரண்டு மணி நேரத்துக்கு மேல். இரண்டு முறை காற்றுத் திரும்பியதால் இரண்டு முறை சுற்றிப் போனோம். காலில் முள் ஏறாத இடம் இல்லை.

பத்து மணிக்குப் பெற்றஸ் கையை விரித்துத் தாழ்த்தினார். எல்லோரும் குந்தினோம். முள்மரங்களின் இடைவெளியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முகம். அதன் மேல் ஈட்டி போல நேராக எழும்பிய இரண்டு கொம்புகள். அதற்கு இடப்பக்கம் இன்னும் இரண்டு ஓரிக்ஸ்.

அன்ரனை ஒரு கறையான் புற்றுக்குப் பின்னால் இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் மூவரும் தவழ்ந்தோம். எண்பது மீற்றர் தவழ்வதற்கு இருபத்தைந்து நிமிடம். நான் வயதுக்குத் தக்க உடம்புள்ள பெண். முழங்கை உரிந்தது. ஆனால் நான் நின்றுபோகவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

“இடது கரையில் நிற்பது,” என்று யொஹான் காதுக்குள் சொன்னார். “கிழட்டுப் பெட்டை. கன்று இல்லை. கொம்பு தேய்ந்திருக்கிறது. தூரம் நூற்றறுபது.”

மூன்று கால் தடியில் துவக்கு ஏறியது. ஓரிக்ஸின் இதயம் மற்ற மிருகங்களைவிடத் தாழ இருக்கும். முன்னங்காலை ஒட்டி மேலே ஏறி, உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி நிற்க வேண்டும் என்று முதல் நாளே படம் கீறிக் காட்டியிருந்தார். ஆனால் அது எங்களுக்கு முகம் காட்டி நின்றது. அப்படி நின்றால் சுடக் கூடாது.

காத்திருந்தேன். பள்ளிக்கூட பஸ்ஸில் தரிப்புப் பலகையை விரித்துவிட்டால், கடைசிப் பிள்ளை வீதியைக் கடந்து படலைக்குள் போகும் வரை பிரேக்கிலிருந்து கால் அசையக் கூடாது. பின்னால் எத்தனை கார் ஹோர்ன் அடித்தாலும் அசையக் கூடாது. பத்தொன்பது வருடம் அதைச் செய்தவளுக்கு இது புதிதில்லை. ஒரு தடவை அது அரைவாசி திரும்பியது.

“இப்போது?” என்றார் யொஹான்.

“இல்லை,” என்றேன்.

இன்னும் சில நிமிடம். பக்கத்தில் நின்றது நகர, அது முழுதாகத் திரும்பியது. மூச்சை அரைவாசி விட்டு நிறுத்தினேன். கண் திறந்தே இருந்தது. வெடித்த சத்தம் எனக்குக் கேட்டதாகவே நினைவில்லை. ஓரிக்ஸ் முதுகை வளைத்துத் துள்ளி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது. எழுபது மீற்றர் இருக்கும். முன்னங்கால்கள் மடிந்தன. விழுந்தது.

“அசைய வேண்டாம்,” என்றார் யொஹான். விழுந்த ஓரிக்ஸ் எழுந்து கொம்பால் ஆளைக் குத்திய கதைகள் அந்த நாட்டில் நிறைய உண்டாம். பத்து நிமிடம் காத்திருப்பது விதி. அந்த விதி புற்றுக்குப் பின்னால் இருந்தவருக்குத் தெரியவில்லை. முள்ளில் சேட்டுக் கிழியக் கிழிய ஓடி வந்தார்.

“விழுந்திட்டுது! ஜெசி, விழுந்திட்டுது! நான் கண்டனான், கண்ணாடியால கண்டனான்!”

யொஹான் அவரைப் பிடித்து இருத்த வேண்டியிருந்தது. அன்ரனின் கை என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது.

பாவம் என்று தோன்றவில்லையா என்று இங்கே பலர் கேட்டார்கள். உள்ளதைச் சொல்கிறேன். முதலில் வந்தது சந்தோசம். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை சந்தோசம். கிட்டப் போய் அதன் கழுத்தில் கை வைத்து, சூடு இன்னும் ஆறாததை உணர்ந்தபோது பாவமாக இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டேன். ஆனால் அந்தச் சந்தோசம் போகவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

யொஹான் ஒரு பச்சைக் கிளையை ஒடித்து மிருகத்தின் வாயில் வைத்தார். அதன் கடைசிக் கவளமாம். இன்னொரு சிறு கிளையைச் சுட்டவரின் தொப்பியில் செருக வேண்டும். அவர் அதை நீட்ட, இடையில் கை போட்டு அன்ரன் வாங்கிக்கொண்டார். என் தொப்பியைத் திருத்தி, தானே செருகிவிட்டார். பெற்றஸ் கைகளைத் தட்டினார். “ஒரு வெடி, அம்மா,” என்றார் ஆங்கிலத்தில். “இந்த வருடம் வந்தவர்களில் காத்திருக்கத் தெரிந்தவர் நீங்கள்தான்.”

பண்ணையின் பதினான்கு பேருக்கும் அந்த இறைச்சி போனது. வியாழக்கிழமை குசினியில் எனக்கு ஒரு அடுப்புத் தந்தார்கள். பெட்டியில் கொண்டுபோன கறித்தூளைப் போட்டு ஈரலைப் பிரட்டினேன். பெற்றஸ் மூக்கால் தண்ணீர் வடிய வடிய மூன்றாம் முறையும் கோப்பையை நீட்டினார்.

வெள்ளிக்கிழமை எங்கள் கடைசி வேட்டை நாள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் ஒரு கூடு வந்து நின்றது. மூன்று கூட்டத்துக்கு அப்பனாக இருக்கக்கூடிய ஆண். முழுதாகப் பக்கம் காட்டி நின்றது. தூரம் இருநூற்றறுபது. சூரியன் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்ரன் துவக்கைத் தடியில் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் கண் திறந்திருந்தது. தோள் அசையவில்லை. இந்த முறை பட்டுவிடும் என்றே எனக்கு நம்பிக்கை.

அவர் பாதுகாப்புப் பூட்டைத் திருப்பிப் போட்டுவிட்டுத் துவக்கை இறக்கினார்.

“ஏலாது. எனக்கு உந்தத் தூரம் கூட. காயப்படுத்திப்போட்டு இருட்டுக்குள்ள தேடேலாது.”

நான் ஆங்கிலத்தில் சொல்ல முன்னமே யொஹானுக்கு விளங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றி அன்ரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அது கோழையின் காரியம் இல்லை என்பது அங்கே நின்ற நால்வருக்கும் தெரியும். கூடு ஆறுதலாகச் சரிவில் ஏறி மறைந்தது. நாங்கள் கடைசி வெளிச்சம் போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

சனிக்கிழமை புறப்பட்டோம். கொம்பை அவித்து, தோலை மருந்தில் தோய்த்து, கடதாசி வேலைகள் முடிந்து அவை கனடா வர ஆறு மாதம் செல்லும் என்றார்கள். விமானம் ஏறும்வரை அன்ரனிடம் ஒரு சோர்வும் தெரியவில்லை. பிராங்பேர்ட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது தானாகவே சொன்னார்: “இனி ஏதும் வேணுமெண்டால் என்னட்டச் சொல்லும். சிரிச்சாலும் பறவாயில்லை, சொல்லும்.”

“சொல்லுறன்,” என்றேன்.

பியர்சனில் இறங்கி நானூற்றொன்றில் ஏறியபோது ஒரு திசைக்கு ஆறு வரிசையாக வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஆறு நாளாக எங்கள் வண்டியின் சத்தத்தைத் தவிர வேறு இயந்திரச் சத்தம் கேட்காத காதுக்கு அது பெரிய இரைச்சல். ஆனாலும் எனக்குக் குறை இல்லை. இந்த ஊர் எனக்குத் தந்த பொறுமையைத்தான் அந்த ஊருக்குக் கொண்டுபோனேன்.

இரண்டு கிழமை கழித்து மல்வேர்னில், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய ஒரு பிள்ளைக்கு விருந்து. எங்களைக் கண்டதும் ஆண்கள் அன்ரனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அண்ணை, எத்தினை வெடியில விழுத்தினீங்கள்?”

“நானோ? நான் வைச்ச வெடியெல்லாம் மண்ணுக்குத்தான். விழுத்தினது இவ. ஒரே வெடி. இருநூறு மீற்றர்!”

அடுத்த கிழமை மில்லிக்கனில் ஒரு வீட்டில் அதே கதையைச் சொன்னார். நூற்றறுபது மீற்றர் இப்போது இருநூற்று நாற்பது ஆகியிருந்தது. மேரி மச்சாள் சாப்பாட்டுக் கோப்பையோடு வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, இரண்டு கையாலும் துவக்குப் பிடித்து, நான் மூச்சை நிறுத்தியதையும் ஓரிக்ஸ் திரும்பியதையும் அன்ரன் நடித்துக் காட்டினார். கண்ணை மட்டும் மூடவேயில்லை. கூட்டத்தில் இருந்த ஒரு பிள்ளை என் பக்கம் திரும்பியது.

“உண்மையோ அன்ரி? டூ ஹன்ரட் அன்ட் ஃபோர்ட்டி?”

அன்ரன் கைகளை இறக்காமல் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் அவ்வளவு பெருமையை நான் இதற்கு முன் ஒருமுறையும் கண்டதில்லை.

“ஓம்,” என்றேன்.